மாப்பிள்ளை நெஞ்சில் ஒரு பை

கடைச் சுவரில் ஒட்டுவதற்கு அரைப்பக்கம் போதும் என்றாள் மெய்லிங். பச்சை குத்திக்கொண்டு போகிறவர்கள் வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று தமிழில் எழுதித் தரவேண்டும். அவள் என் தவுக்கேயின், அதாவது முதலாளியின், மகள். ஈப்போவில் இருக்கும் அந்தக் கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். நான் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. அதற்குள் புதிதாகச் சேர்ந்தவர்கள் புண்மேல் போடும் ஒட்டுத்தாளைக் கோணலாக ஒட்டி, மூன்றாம் நாளே அதன் ஓரம் தூக்கிக்கொள்ள, ஆட்கள் திரும்பி வருகிறார்களாம்.

எழுத உட்கார்ந்தேன். அரைப்பக்கத்தில் நிற்கவில்லை. விதிகளை எழுதிப் போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள். விதியை மீறியவனுக்கு என்ன ஆனது என்று எழுதினால் நின்று படிப்பார்கள். மீறியவன் நான்தான், ஆகவே எழுதுவதில் சங்கடம் ஒன்றும் இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடம் பச்சை குத்தும் கடையில் இருந்தேன். ஒரு பச்சைகூடக் குத்தியதில்லை. எனக்குப் படம் வராது. சேர்ந்த புதிதில் ஒரு மயில் வரைந்து காட்டினேன். தவுக்கே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கோழிக்கு என்ன நோவு?" என்று கேட்டார். அன்றோடு பென்சிலைத் தொடவில்லை. என் வேலை ஒட்டுவது. ஊசி முடிந்ததும் புண்ணைக் கழுவித் துடைத்து, அதன்மேல் கண்ணாடிபோன்ற ஒட்டுத்தாளைப் போட்டு அனுப்புவது. பெட்டியில் செகண்ட் ஸ்கின் என்று இருக்கும். கடையில் எல்லாருக்கும் அது வெறும் ஒட்டு. எனக்கும் அதுவே பெயராகிவிட்டது: ஒட்டு அண்ணே.

இந்தத் தொழிலுக்கு நான் படித்த படிப்பு இவ்வளவுதான். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். தோட்டத்தை விற்றார்கள், மரங்களைத் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டார்கள், எங்கள் சாமான்களை ஒரு லோரியில் ஏற்றி அனுப்பினார்கள். இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் போதும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடமும் அப்படியே நினைத்தது. காம்பாரில் கடைப் பலகைகளுக்கு எழுத்து ஒட்டினேன். தைப்பிங்கில் மூன்று மாதம் லோரிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டினேன். அந்த ஊர் மழையில் எதுவும் ஒட்டவில்லை. பிறகு ஜெலாப்பாங்கில் கார் கண்ணாடிக்குக் கறுப்புத்தாள் ஒட்டும் பட்டறை. எங்கும் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. காரணம் ஒன்றும் கிடையாது, கால் நிற்காது.

அந்தப் பட்டறைக்குத்தான் தவுக்கே தன் காரைக் கொண்டுவந்தார். நான் ஒட்டுவதை ஒரு மணி நேரம் நின்று பார்த்தார்.

"ஒரு கொப்புளம்கூட இல்ல. நீ ஆளு தோலுக்கு ஒட்டுவியா?" என்று கேட்டார்.

ஏதோ விவகாரமான தொழில் என்று பயந்து இரண்டு நாள் அவர் போனை எடுக்கவில்லை.

ஆ சோங் என்பது அவர் பெயர். தோட்டத்துக்குப் பக்கத்தில் கம்பம் எனப்படும் கிராமத்தில் வளர்ந்த சீனர். என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார், ஆனால் குரலை உயர்த்தவே மாட்டார். அவர் உடம்பில் ஒரு புள்ளி பச்சை கிடையாது. ஏன் என்று கேட்டால், "சமைக்கிறவன் எல்லாம் சட்டிக்குள்ள குதிக்கிறானா?" என்பார். ஊசி ஓடும்போது பேசமாட்டார். முடிந்தபின் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் ஆளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்க ஆரம்பிப்பார்.

"அரிச்சா?"

"சொறிய மாட்டேன், தவுக்கே."

"ரொம்ப அரிச்சா?"

"மேலாகத் தட்டிக்குவேன்."

"ஆத்துல குளிக்கக் கூப்பிட்டா?"

"போகமாட்டேன்."

"அம்மா மஞ்சள் அரைச்சுக்கிட்டு வந்தா?"

இங்கேதான் எல்லாரும் முழிப்பார்கள். தவுக்கேயே பதில் சொல்லித் தருவார். "ஓடணும்."

"ஓடிருவேன், தவுக்கே."

மூன்று தடவை சொன்னால்தான் மணிக்கட்டை விடுவார். கைகால் முறுக்கேறிய முரடர்கள் "ஓடிருவேன், ஓடிருவேன்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் சேர்ந்தபோது ஒட்டு வந்திருக்கவில்லை. கீழ்க்கடையில் கலவைச் சோறு விற்கும் அம்மாள் மீனை மூடும் பிளாஸ்டிக் சுருளையே நாங்களும் வாங்கிச் சுற்றி அனுப்புவோம். மறுநாள் தோல் ஊறி, ஆள் வேகவைத்த பாவ் ரொட்டி மாதிரி வருவான். ஒட்டு வந்தபின்தான் எனக்கும் தொழில் என்று ஒன்று வந்தது. அது மூச்சுவிடும், தண்ணீரை உள்ளே விடாது, கூடவே வளைந்து கொடுக்கும்.

செய்முறை இது. வாசனையில்லாத சோப்பால் கழுவி, காகிதத்தால் ஒற்றி, பத்து நிமிடம் காயவிட வேண்டும். படத்தின் ஓரத்திலிருந்து எல்லாப் பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் மொழுமொழுவென்று மழித்திருக்க வேண்டும். இரண்டு விரல் என்பது தவுக்கேயின் கட்டளை. ஒட்டை அதே அளவுக்கு வெட்டி, நான்கு மூலைகளையும் கத்தரியால் உருட்டிவிட வேண்டும். கூர்மூலை சட்டையில் மாட்டிக் கிளம்பிவிடும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவ வேண்டும். இழுத்து ஒட்டக்கூடாது. இழுத்து ஒட்டினால் தோல் திரும்ப இழுக்கும், யார் பலசாலி என்று இருவரும் பார்ப்பார்கள், நடுவில் கொப்புளம் கிளம்பும். கடைசியில் உள்ளங்கையைச் சூடுபறக்கத் தேய்த்து ஒரு நிமிடம் மேலே வைக்க வேண்டும்.

முதல் நாள் முழுக்க அடியில் நீர் கோக்கும். நிணமும் மிச்ச மையும் கலந்து கறுப்பாக இருக்கும். "அண்ணே, புலி கரைஞ்சு வெளிய வந்துருச்சு!" என்று போன் வரும். புலி எங்கும் போயிருக்காது. மறுநாள் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஒட்டைத் தோலோடு தோலாகப் படுக்கவைத்து உரித்து, கழுவி, காயவைத்து, புதியது ஒட்டினால் அது நாலைந்து நாள் தாங்கும். ஓரம் கிளம்பி ஒழுகினால் மேலே இன்னொன்றை ஒட்டி ஏமாற்றக்கூடாது. எடுத்துவிட வேண்டும். ஒழுகின வழியாகத்தான் அழுக்கு உள்ளே போகும்.

இனி நான் மீறிய கதை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தினேஷ் என்பவன் வந்தான். கல்மலையிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றும் லோரி ஓட்டுகிறவன், ஆள் கதவு உயரம். நெஞ்சில் ஓர் எங்காங் பறவை வேண்டும் என்றான். இருவாச்சியைத்தான் மலாயில் எங்காங் என்போம். அவனுக்குக் கல்யாணம். எப்போது என்று தவுக்கே கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"இந்த ஞாயித்துக்கிழமைதான், தவுக்கே."

தவுக்கே கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நாளைக்கு நலுங்கு. நாப்பது பொம்பளைங்க மஞ்சளோட வருவாங்க. மூளைய லோரியிலயே வச்சிட்டு வந்துட்டியா?"

தினேஷ் போகவில்லை. கதையைச் சொன்னான். அவன் கட்டப்போகும் சுபாஷினி தைப்பிங்கில் நர்ஸ். பங்கோர் தீவில் இருவரும் நின்றிருந்தபோது ஓர் இருவாச்சி இவன் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. பெட்டை மரப்பொந்துக்குள் அடைகாக்கும்போது ஆண்தான் இரை கொண்டுவந்து ஊட்டும், இப்படி ஒருத்தன் கிடைத்தால் கட்டிக்கொள்ளலாம் என்று அவள் சும்மா சொல்லியிருக்கிறாள். மறுநாளிலிருந்து இவன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு அவள் வார்டு வாசலில் நின்றிருக்கிறான், பதினொரு மாதம். கல்யாணம் முடிந்ததும் பறவையைக் காட்டி அவளை அசத்த வேண்டுமாம்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அவள் அப்பா சிவபாதம், அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாண வம்சம். லோரிக்காரனுக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்ததே பெரிய விஷயம். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: பச்சை குத்தினவன் என் வீட்டுப் படி ஏறக்கூடாது. பச்சை என்றாலே அவருக்குக் குண்டர் கும்பல்தான்.

"அவரு எதுக்கு என் நெஞ்சப் பாக்கப்போறாரு? கழுத்து வரைக்கும் பொத்தான் வச்ச ஜிப்பா வாங்கிட்டேன்லா," என்றான் தினேஷ்.

எனக்கு அந்த நாசி லெமாக் விஷயம் பிடித்துவிட்டது. "தவுக்கே, நான் பாத்துக்கிறேன். நலுங்குக்கு நானே போயி பக்கத்துல உக்காந்துக்கிறேன்," என்றேன்.

தவுக்கே கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். "உள்ளங்கை அளவுதான் குத்துவேன். பறவை என்னோடது. ஒட்டு உன்னோடது. என் பறவைக்கு ஏதாவது ஆச்சு, நீ கார் கண்ணாடிக்கே போயிரு."

நான்கு மணிக்கு ஊசி முடிந்தது. பறவை அழகாக உட்கார்ந்திருந்தது. ஒட்டுவதற்கு நான் சவரக்கத்தியை எடுத்ததும் தினேஷ் நெஞ்சைப் பொத்திக்கொண்டான்.

"அண்ணே, அதிகமா வழிக்காதீங்க. மாருல மயிர் இல்லாதவன நம்பாதேன்னு எங்க சனங்க சொல்லும். பனியன் வழியாத் தெரியும். மொட்டையா இருந்தா அத்தைங்க கதை கட்டிருவாங்க."

அவன் நெஞ்சு புதர். நான் என்ன செய்தேன் என்றால், ஒரு விரல் அகலம் மட்டும் மழித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். ஒட்டின் இடப்பக்க ஓரம் முடிமேல் போய் உட்கார்ந்தது. அழுத்தித் தேய்த்தேன், ஒட்டிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. கார் கண்ணாடியில் முடி முளைப்பதில்லை என்பதை அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை.

மறுநாள் மதியம் ஒட்டை மாற்றியிருக்க வேண்டும். தினேஷ் கூடாரக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான், பிறகு நாற்காலி ஏற்றப் போனான், பிறகு ஐஸ் வாங்கப் போனான். சாயங்காலம் ஐந்து மணிக்கு செம்மோரில் அவன் வீட்டு முற்றத்தில் நலுங்கு தொடங்கியது. அவன் டீ சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் காவலுக்கு உட்கார்ந்தேன். முகம், கை, கால் மட்டும் என்று வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் சொன்னேன்.

"யாருடா இவரு, உன் பாடிகார்டா?" என்றார் பாக்கியம் அத்தை. தினேஷின் அப்பாவுக்கு அக்கா. முப்பது வருடம் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவியவர். அவர் கை என் இரண்டு கைக்குச் சமம்.

"ஆமாக்கா," என்றேன்.

"நலுங்குக்குச் சட்டை போட்டு, பக்கத்துல ஆளும் போட்டு உக்காந்திருக்க மாப்பிள்ளைய இப்பத்தான் பாக்குறேன்."

அதையும் சமாளித்தேன். ஆனால் ஐந்தரைக்கு ஒரு கார் வந்து நின்றது. சிவபாதம் இறங்கினார். கையில் தாம்பாளம், அதில் பட்டு வேட்டி, சால்வை, தலைப்பாகை.

"எங்கட முறையில மாப்பிள்ளைக்குச் சட்டை இல்லை. வேட்டியும் சால்வையும்தான். அளவு சரியோ எண்டு பாத்திட்டுப் போக வந்தனான்," என்றார்.

தினேஷ் என்னைப் பார்த்தான். நான் தினேஷைப் பார்த்தேன். அதற்குள் பாக்கியம் அத்தை, "போட்டுக் காட்டுடா," என்று டீ சட்டையின் கீழ்முனையைப் பிடித்து ஒரே இழுப்பில் தலைக்குமேல் உருவிவிட்டார்.

இருபத்தைந்து மணி நேர நீர் முழுக்க உள்ளே சேர்ந்திருந்தது. கடையில் பாலில்லாத கோப்பி ஓவைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பார்களே, அந்தப் பை மாதிரி அவன் நெஞ்சில் கறுப்பாகத் தொங்கியது. இடப்பக்கத்திலிருந்து ஒரு சொட்டு வயிற்றை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பறவை கிறவை எதுவும் தெரியவில்லை.

"ஐயோ! புள்ளைக்கு நெஞ்சுல பை வச்சிருக்காங்க!" என்று ஒரு பெண் கத்தினார்.

அடுத்த ஒரு நிமிடத்தில் நான் கேட்டவை: நெஞ்சில் ஆபரேசன். மூன்று ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது. லோரிக் கம்பெனியில் மறைத்துவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஆஸ்பத்திரி ஆள். தினேஷின் அம்மா, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடா," என்று மஞ்சள் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சிவபாதம் தாம்பாளத்தை மெதுவாகக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது. "தம்பி, உண்மையைச் சொல்லும். இருதயத்தில ஆபரேசன் செய்தவையோ?"

தினேஷின் நிலைமை இதுதான்: இல்லை என்றால் பச்சையைச் சொல்ல வேண்டும், கல்யாணம் நிற்கும். ஆமாம் என்றால் நோயாளி, அப்போதும் நிற்கும். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தான்.

"சின்ன ஆபரேசன்தான், அங்கிள்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

சிவபாதம் போனை எடுத்தார். "என்ர பிள்ளை நர்ஸ். அவள் பார்க்கட்டும்."

வீடியோவில் சுபாஷினி வந்தாள். இரண்டு கையிலும் ஈர மருதாணி. கைகளைக் காற்றில் தூக்கிப் பிடித்திருந்தாள். முற்றமே போனைச் சுற்றிக் கூடியது.

"அப்பா, வெளிச்சத்துக்குக் கொண்டு போங்கோ. இன்னும் கிட்ட." கொஞ்ச நேரம் பார்த்தாள். "தினேஷ், ஊசி எத்தனை மணிக்கு முடிஞ்சுது?"

"நேத்து நாலு மணிக்கு," என்றான் தினேஷ், போலீஸ் ஸ்டேசனில் சொல்வதுபோல்.

"யாரு ஒட்டினது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நான்தாம்மா."

"முடி மேல ஒட்டியிருக்கீங்கண்ணே. இடப்பக்கம் ஒழுகுது."

என் குற்றத்தை அவ்வளவு சீக்கிரம் யாரும் படித்ததில்லை.

"அப்பா, அது ஆபரேசன் இல்லை. பச்சை குத்தியிருக்கிறார். உடனே எடுத்து, கழுவி, நல்லா வழிச்சு, வேற ஒட்டச் சொல்லுங்கோ. மஞ்சள் நெஞ்சுப் பக்கம் வரக்கூடாது." என்ன படம் என்று அவள் கேட்கவில்லை. "மற்றதை நாளைக்குப் பாப்பம்," என்றாள். யாரையோ விட்டுப் போனை அணைக்கச் சொன்னாள்.

சிவபாதம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்ப இருதயம் நல்லாத்தான் இருக்கோ?"

"நல்லா இருக்கு, அங்கிள்."

"பச்சை எண்டால் தோலோட போச்சு," என்று பெருமூச்சுவிட்டார். அப்புறம் நிபந்தனை ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் இறுகியது. "நான் ஒண்டும் சொல்லமாட்டன். பிள்ளையிட்ட மறைச்சீர், எனக்குப் பொய் சொன்னீர். நாளைக்கு அவள் மணவறையில என்ன சொல்லுறாளோ அதுதான்."

தினேஷ் அழுதுவிட்டான். கல்லு லோரி பிரேக் பிடிக்காமல் இறங்கியபோதும் அழாதவன் என்று அவன் நண்பர்கள் பிறகு சொன்னார்கள்.

ஒட்டை எடுக்க உட்கார்ந்தேன். வெந்நீர் வந்தது. ஓரத்தைத் தொட்டாலே தினேஷ் எம்பினான். முடி முழுக்க ஒட்டில் மாட்டியிருந்தது.

"தள்ளுங்க," என்றார் பாக்கியம் அத்தை. "கோப்பையில காஞ்ச ஒட்டுப்பால எத்தனை வருசம் உரிச்சிருப்பேன். மேல தூக்கி இழுத்தா அறுந்து போகும். படுக்க வச்சு இழுக்கணும்."

நான் இத்தனை வருடம் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறை. கட்டைவிரலை வெந்நீரில் நனைத்து, தோலை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, ஒட்டை மடக்கித் தோலோடு தோலாக இழுத்தார். நீர் கொட்டப்போகிறது என்றதும், யாரும் சொல்லாமலே சிவபாதம் ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பாவைக் கொண்டுவந்து கீழே பிடித்தார். என்னதான் கோபம் இருந்தாலும் புதுப் பட்டு வேட்டி பக்கத்தில் இருந்தது. தினேஷ் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க, அதற்குப் பதிலாக இன்னொரு நாய் குரைத்தது.

அவ்வளவு பதமாக எடுத்தும் பாதி நெஞ்சு முடி ஒட்டோடு வந்துவிட்டது. அத்தை அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "இப்ப இவன நம்பலாமா, கூடாதா?" என்று கேட்டார். அவன் அம்மாவே சிரித்துவிட்டார்.

கழுவியதும் பறவை தெரிந்தது. ஒரு கோடுகூடக் கெடவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

"என்னடா, காக்கா?"

"எங்காங், அத்தை!"

"மூக்க பாத்தா நம்ம குடும்பம் மாதிரிதான் இருக்கு."

பெண்கள் சிரித்தார்கள், சிவபாதம் சிரிக்கவில்லை. குனிந்து அந்தப் பறவையை ஒரு முறை பார்த்தார். மிச்ச முடியை வழித்து, காயவைத்து, எல்லாப் பக்கமும் இரண்டு விரல் விட்டு, மூலையை உருட்டி, புதியது ஒட்டினேன். உள்ளங்கைச் சூட்டை ஒரு நிமிடத்துக்குப் பதிலாக ஐந்து நிமிடம் வைத்தேன். நலுங்கு தொடர்ந்தது. சிவபாதம் காலித் தாம்பாளத்தைத் தினேஷின் நெஞ்சுக்கு முன்னால் கேடயம்போல் பிடித்துக்கொண்டு நின்றார். மஞ்சள் கை ஒன்று வழிதவறி வந்தால் தாம்பாளத்தில் 'டங்' என்று முட்டியது. மகள் சொன்னதைச் செய்தார், அவ்வளவுதான். தினேஷோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

தவுக்கே போன் செய்தார். "பறவை?"

"நல்லா இருக்கு, தவுக்கே."

"ஒட்டு?"

"மாத்திட்டேன்."

"எத்தனை விரல் விட்டிருந்தே?"

"ஒண்ணு."

"காலையில நானும் கல்யாணத்துக்கு வாரேன்," என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நானும் தவுக்கேயும் முன்வரிசையில் உட்கார்ந்தோம். தினேஷ் வேட்டி, சால்வை, தலைப்பாகையோடு மணவறையில் இருந்தான். முந்தின நாளிலிருந்து அவள் போனை எடுக்கவில்லை என்று காலையில்தான் சொன்னான். சால்வையைக் கழுத்துவரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். சுபாஷினி வந்து உட்கார்ந்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை.

ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். தினேஷ் இரண்டு கையாலும் வாங்கினான். மேளக்காரர் குச்சியைத் தூக்கினார். அப்போது அவள் கையை உயர்த்தினாள்.

"ஐயா, ஒரு நிமிசம்."

சிவபாதம் எழுந்துவிட்டார்.

அவள் மருதாணிக் கையால் மாலையை ஒதுக்கி, சால்வையைத் தூக்கினாள். ஒட்டின் ஓரத்தில் ஆள்காட்டி விரலை வைத்தாள். இடப்பக்கத்தில் தொடங்கி, கீழே இறங்கி, வலப்பக்கம் ஏறி, மேலே வந்து, நான்கு ஓரத்தையும் நிதானமாகத் தடவிப் பார்த்தாள். பிறகு நடுவில், அந்தப் பறவையின் பெரிய மூக்கின்மேல், விரல் கொஞ்ச நேரம் நின்றது. தினேஷ் தாலியை இரண்டு கையாலும் பிடித்தபடி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சால்வையை இழுத்து மூடினாள். மாலையை நேராக்கினாள். அப்புறம் தாலிக்காகத் தலை குனிந்தாள்.